பார்வையாளர் இல்லாத நாடகம்: தொடக்கப் பள்ளி வகுப்பறையில் நடிப்புக்கு என்ன வேலை?

ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒரு வகுப்பிலிருந்து எட்டு, பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். தடங்கல் இல்லாமல் வசனம் பேசும் பிள்ளை ராஜா, சத்தமாகச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை அரக்கன், கூச்சப்படும் பிள்ளைக்கு மரமோ மானோ கிடைக்கும். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். வசனத்தை ஆசிரியர் எழுதுவார், பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். விழா முடிந்ததும் அட்டைக் கிரீடமும் ஒட்டுத்தாடியும் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேடை ஏறிய பிள்ளைக்கு அந்த நாள் வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். ஆனால் கற்பித்தலில் நாடகம் என்று கல்வியாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவருவது வேறொன்றை. அதில் மேடை கிடையாது, ஒத்திகை கிடையாது, மனப்பாட வசனம் கிடையாது. பார்வையாளரும் கிடையாது. வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் நாடகத்துக்கு உள்ளே இருப்பார்கள், ஆசிரியர் உட்பட.

சரி, பார்க்க ஆளே இல்லாமல் எதற்கு நாடகம்? மேடை நாடகத்தில் பிள்ளையின் கவலையெல்லாம் 'பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிகிறேன்?' என்பதில் இருக்கும். வகுப்பறை நாடகத்தில் அந்தக் கவலையை எடுத்துவிட்டு, 'இந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன், என்ன சொல்வேன்?' என்று யோசிக்க வைக்கிறோம். யோசிக்க வைப்பதுதான் பாடம். இதை வாரத்தில் ஒன்றிரண்டு முறை, பத்து இருபது நிமிடம், வழக்கமான பாடத்துக்குள்ளேயே, வழக்கமான வகுப்பாசிரியரே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து கலைஞர்களை அழைத்து வருவதும் நல்லதுதான். ஆனால் அது இதற்கு ஈடாகாது. ஏன் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சாம்ப்டிங் என்றொரு கிராமம். அங்கே சிறிய பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்த ஹாரியட் ஃபின்லே-ஜான்சன், 1900-களின் தொடக்கத்திலேயே வரலாற்றைப் பிள்ளைகளே நாடகமாக்கிக் கற்கும்படி செய்தார். வசனத்துக்கான தகவல்களைப் பிள்ளைகளே புத்தகங்களில் தேட வேண்டும், அவர்களே அமைக்க வேண்டும் என்பது அவர் முறை. 1911-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பிறகு 1954-இல் பீட்டர் ஸ்லேட், குழந்தைகளின் நாடகம் பெரியவர்களின் அரங்கின் சின்ன வடிவம் ஆகாது, அது தனி வகை என்று வாதிட்டார். சின்னப் பிள்ளைகளைத் திரைச்சீலை கட்டிய மேடையில் ஏற்றி நிறுத்தினால் அவர்களுடைய இயல்பான விளையாட்டு கெட்டுப்போகும் என்பது அவருடைய கவலை. நம் ஆண்டுவிழாக்களை நினைத்தால் அந்தக் கவலை எவ்வளவு சரியானது என்று தெரியும்.

ஆனாலும் இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்தவர் டோரதி ஹீத்கோட். 1926-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனார். ஆலை நிர்வாகியின் உதவியோடு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். சரிப்பட்டு வராவிட்டால் திரும்பி வரலாம், மூன்று தறிகள் காத்திருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பினார்களாம். 1971-இல் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு அந்த மூன்று தறிகளே தலைப்பாயின. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர் 1950-இல் நியூகாசிலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் விரிவுரையாளரானார். 1986-இல் ஓய்வு பெற்று, 2011-இல் மறைந்தார். அவர் தந்த இரண்டு வழிகள் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. ஒன்று, ஆசிரியரே ஒரு பாத்திரமாக மாறிப் பிள்ளைகளோடு பேசுவது. இன்னொன்று, பிள்ளைகளை ஒரு துறையின் நிபுணர்களாகப் பாவித்து அவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது.

இரண்டிலும் அடியில் இருப்பது ஒன்றே. ஆசிரியர் தன் நாற்காலியிலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறார். எல்லாம் தெரிந்தவர் என்ற இடத்தை விட்டு, 'எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்' என்று கேட்கும் இடத்துக்கு வருகிறார். கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும் என்பது வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் விடை தெரிந்த மூன்று பேர் கை தூக்க, மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். விடை உண்மையிலேயே தேவைப்படும் ஒருவர் எதிரில் நின்றால் பேச்சின் குணமே மாறிவிடுகிறது.

நடிப்பு ஏன் கற்றலுக்கு உதவுகிறது என்பதற்கு ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இலேயே ஒரு விளக்கம் தந்தார். விளையாட்டில் குழந்தை தன் வயதுக்கு மேலே, தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். அவர் வழியில் வந்த மனுயிலென்கோ என்ற ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளை 'அசையாமல் நில்' என்று சொல்லி நிறுத்தினார்கள். பிறகு அதே பிள்ளைகளைக் காவல்காரராக நடிக்கச் சொல்லி நிறுத்தினார்கள். காவல்காரராக நின்றபோது அவர்கள் அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். கட்டளை தராத கட்டுப்பாட்டைப் பாத்திரம் தந்தது. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் எந்த ஆசிரியருக்கும் இது சோதனை இல்லாமலே தெரியும். 'சத்தம் போடாதே' என்று பத்து முறை சொல்வதைவிட, 'குகைக்குள்ள சிங்கம் தூங்குது, எழுப்பிடாம நடந்து வாங்க' என்று ஒரு முறை சொல்வது பலிக்கும்.

இனி ஆய்வுகள். 2000-ஆம் ஆண்டில் ஆன் போட்லோஸ்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை நாடகம் பற்றிய 80 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். கதையைப் படிப்பதோடு நிறுத்தாமல் நடித்தும் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கதை நன்றாகப் புரிந்தது. அதில் ஆச்சரியமில்லை. அவர்கள் நடிக்காத, புதிதாகப் படித்த கதைகளையும் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் முக்கியமான முடிவு. 2015-இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு 47 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. மொழிப் பாடத்திலும் அறிவியலிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த வகுப்புகளில் பலன் கூடுதலாக இருந்தது. வருகை தரும் நாடகக் கலைஞர் நடத்தியதைவிட வகுப்பாசிரியரோ ஆய்வாளரோ நடத்தியபோது பலன் அதிகமாக இருந்தது. எனக்கு இது மிக முக்கியமான செய்தி. கலைஞருக்கு நடிப்பு தெரியும். ஆசிரியருக்கோ எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை நேற்று அழுதுகொண்டு வந்தது, நாளைக்கு எந்தப் பாடம் என்று தெரியும்.

மனுநீதிச் சோழனும் ஒரு நாற்காலியும்

நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருவாரூரில் மனுநீதிச் சோழன், இளவரசனின் தேர்க்காலில் சிக்கிச் செத்த கன்று, ஆராய்ச்சி மணியை அடித்த தாய்ப்பசு. வழக்கமாக இந்தப் பாடம் எப்படிப் போகும்? ஆசிரியர் கதையைச் சொல்வார். 'மணியை அடித்தது யார்?' என்று கேட்பார். 'பசு' என்று வகுப்பு முழுக்கக் கத்தும். 'மன்னன் எப்படிப்பட்டவன்?' என்றால் 'நீதி தவறாதவன்'. முடிந்தது.

அதே கதையில் ஒரு நாற்காலியை வகுப்பின் நடுவில் போடுங்கள். அதில் உட்காருபவர் கதையில் வரும் ஒருவர். மற்றவர்கள் அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் முறை ஆசிரியரே உட்காருவது நல்லது. அதுவும் ராஜாவாக வேண்டாம், அமைச்சராக. பெரியபுராணம் சொல்லும் கதையில், இளவரசன் மீது தேரை ஏற்றும்படி மன்னன் அமைச்சரிடம்தான் சொல்கிறான். அமைச்சரால் முடியவில்லை, தன் உயிரையே விட்டுவிடுகிறார். அவரை அந்த முடிவுக்கு முந்தைய கணத்தில் உட்கார வைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள்: 'ராஜா சொன்னா நீங்க செஞ்சுதானே ஆகணும்?' 'இளவரசர் வேணும்னே ஏத்தினாரா, தெரியாம ஏத்தினாரா?' 'தெரியாம செஞ்சா கூடத் தண்டனையா?' இந்த மூன்றாவது கேள்வி ஒரு சட்டக் கல்லூரியில் கேட்கப்படும் கேள்வி. நான்காம் வகுப்புப் பிள்ளை அதைக் கேட்கும், கேட்க ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால்.

அடுத்த படி: பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் மன்னன் மெதுவாக நடந்து வருகிறான். ஒரு வரிசை 'மகனைத் தண்டி' என்பதற்கான காரணங்களை அவன் காதில் சொல்ல வேண்டும், இன்னொரு வரிசை 'தண்டிக்காதே' என்பதற்கான காரணங்களை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது காரணங்கள். நடந்து முடித்த மன்னன் நின்று தன் முடிவைச் சொல்கிறான், ஏன் என்றும் சொல்கிறான். அப்புறம் நோட்டைத் திறந்து ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொன்னால், 'என்ன எழுதறதுன்னு தெரியல சார்' என்று ஒரு பிள்ளையும் சொல்லாது. காதில் விழுந்த காரணங்கள் எல்லாம் இன்னும் சூடாக இருக்கும்.

இதைவிட எளிதான ஒன்றும் உண்டு, சிலையாக நிற்பது. கதையின் ஒரு கணத்தை நான்கைந்து பிள்ளைகள் அசையாத காட்சியாக நின்று காட்டுகிறார்கள். ஆசிரியர் ஒருவரின் தோளைத் தொட்டால், அந்தப் பாத்திரம் மனதுக்குள் என்ன நினைக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கன்று மீது தேர் ஏறிய அந்தக் கணத்தில் தேரோட்டி என்ன நினைத்தான்? கடைத்தெருவில் நின்று பார்த்த பூக்காரம்மா? அறிவியலிலும் இது உதவும். திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக இருக்கும், நீர்மத்தில் நகரும், வாயுவில் விலகி ஓடும் என்பதைப் படத்தில் பார்ப்பதற்கும், தோளோடு தோள் ஒட்டி நின்று, பிறகு நழுவி, பிறகு மைதானம் முழுக்கச் சிதறி உடம்பாலேயே அறிவதற்கும் பெரிய வித்தியாசம்.

ஏரி நிபுணர்கள்

ஹீத்கோட்டின் இரண்டாவது வழி கொஞ்சம் நீளமானது. ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஓடும். ஐந்தாம் வகுப்பில் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

ஒரு நாள் காலையில் ஆசிரியர் கையில் ஒரு கடிதத்தோடு வருகிறார். இல்லாத ஓர் ஊரின் ஊராட்சித் தலைவர் எழுதியது போல அவரே தயாரித்தது. 'ஏரிகளைச் சீரமைப்பதில் உங்கள் குழு பெயர் பெற்றது என்று கேள்விப்பட்டோம். எங்கள் ஊர் ஏரியில் இரண்டு வருடமாகத் தண்ணீர் நிற்பதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் வந்து பார்த்து ஆலோசனை சொல்ல முடியுமா?' ஆசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டு, 'இது நம்ம குழுவுக்கு வந்திருக்கு. நான் இந்த ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவன், எனக்கு ஏரி பத்தி ஒண்ணும் தெரியாது. என்ன பதில் எழுதறது?' என்கிறார். இது நடிப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் உள்ளே வருகிறார்கள். அந்த ஒப்பந்தம்தான் அழகு.

நிபுணர் என்றால் நிபுணருக்குரிய சொற்கள் வேண்டும். கரை, மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய், உள்வாய். பாதிச் சொற்கள் பிள்ளைகளின் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். ஏரிப் பாசனம் இருக்கும் ஊர் என்றால் நேரில் போயே பார்க்கலாம். வரைபடம் வரைய வேண்டும், அதற்கு அளவுத்திட்டம் வேண்டும். தூர்வார எவ்வளவு மண் எடுக்க வேண்டும்? 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 2400 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பர் 3 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் 800 நடை. 'எண்ணூறு நடையா!' என்று வகுப்பு வாயைப் பிளக்கும்போது அந்த வகுத்தல் கணக்குக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது. எடுத்த வண்டல் மண்ணை என்ன செய்வது? வயலுக்குப் போடலாம் என்று ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை சொல்லும். வகுப்பில் வழக்கமாக வாயே திறக்காத பிள்ளையாகவும் அது இருக்கலாம்.

நான்காம் நாளில் ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வேறு ஆளாக வருகிறார். ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய உட்பரப்பில், பல வருடமாகப் பயிர் வைத்துப் பிழைப்பவர். 'தண்ணிய நிறுத்திட்டா என் பொழப்பு என்னங்க ஆகறது?' என்கிறார். இப்போது பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். ஏரியும் வேண்டும், இந்த மனிதரையும் தெருவில் விட முடியாது. சரியான விடை என்று ஒன்று பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இல்லை. ஆசிரியரிடமும் இல்லை. அவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் முகவரி, விளிப்பு, பொருள், கையொப்பம் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும், ஏனென்றால் அதை அனுப்ப ஓர் ஆள் இருக்கிறார். விடுப்பு விண்ணப்பத்தை வருடா வருடம் பார்த்து எழுதும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

துண்டு என்று சொன்னேன். அது முக்கியம். ஆசிரியர் எப்போது ஆசிரியர், எப்போது பாத்திரம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். துண்டு தோளில் இருந்தால் விவசாயி, எடுத்துவிட்டால் டீச்சர். வேஷம் எல்லாம் வேண்டாம், ஒரு பொருள் போதும்.

பிள்ளையின் பேச்சுத் தமிழ்

தமிழ் வகுப்பறைக்கு நாடகத்தால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நன்மை வேறெங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல சிகாகோவுக்குப் போக வேண்டும். அங்கே விவியன் பேலி என்ற மழலையர் வகுப்பு ஆசிரியை பல பத்தாண்டுகள் ஒரு முறையைக் கையாண்டார். குழந்தை ஒரு கதை சொல்லும். ஆசிரியர் அதைச் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வார். பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார, நடுவில் குறித்த இடத்தில் அந்தக் கதையை நடிப்பார்கள். திருத்தம் கிடையாது. இரண்டு வரிக் கதையும் கதைதான்.

இதைத் தமிழில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? ஒரு பிள்ளை சொல்கிறது: 'எங்க ஆயா வூட்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு. அது தொலஞ்சு போச்சு. நானும் ஆயாவும் தேடுனோம். அது மாமரத்தாண்ட படுத்துனு இருந்துச்சு.' இதை அப்படியே எழுத வேண்டும். 'வீட்டில்' என்று திருத்தக் கூடாது. வாயிலிருந்து வந்த ஒலி தாளில் எழுத்தாக நிற்பதைப் பார்ப்பதுதான் எழுத்தறிவின் முதல் அதிசயம். நம் பிள்ளைகளில் பலருக்கு அது கிடைப்பதே இல்லை. அவர்கள் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. வகுப்பில் வாய் திறந்தால் திருத்தப்படுவோம் என்ற பயம் முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. வீட்டில் அவ்வளவு பேசும் குழந்தை பள்ளியில் ஊமையாகிவிடுவதன் காரணங்களில் இது முதன்மையானது.

அப்படியானால் எழுத்துத் தமிழ் எப்போது வரும்? நாடகத்திலேயே வரும். அதே கதையை நடித்து முடித்தபின், 'இப்ப நீ டிவில செய்தி வாசிக்கிற. இந்த ஆட்டுக்குட்டி விஷயத்தைச் சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். முதுகை நிமிர்த்தி, குரலை மாற்றி, 'காணாமல் போன ஆட்டுக்குட்டி மாமரத்தின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று சொல்ல முயலும். தப்பும் தவறுமாக வந்தாலும் முயலும். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது எப்படிப் பேசுவாய், பாட்டியிடம் எப்படி, கலெக்டரிடம் எப்படி என்று பாத்திரத்தை மாற்ற மாற்ற மொழியும் மாறும். எந்த இடத்துக்கு எந்தத் தமிழ் என்ற உணர்வை இலக்கண விதியாகச் சொல்லித் தருவது கடினம். பாத்திரமாக நின்றால் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்கிறது. பேச்சுத் தமிழைத் தாழ்த்தாமலே எழுத்துத் தமிழுக்குப் போக இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை. வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்து தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது கைகொடுக்கும். சொல் புரியாத இடத்தில் உடம்பின் அசைவு பொருளைச் சொல்லிவிடும்.

பொம்மலாட்டமும் இங்கே ஒரு துணை. பழைய காலுறையில் இரண்டு பொத்தான் தைத்தால் ஒரு பொம்மை. தான் பேச வெட்கப்படும் பிள்ளை பொம்மையைப் பேச விடும்.

யாருக்கு எந்த வேஷம்

நாடகம் தானாகவே நல்லதைச் செய்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கவனமில்லாமல் செய்தால் ஊரில் இருக்கும் மேடு பள்ளத்தை வகுப்புக்குள்ளும் கொண்டுவந்துவிடும். நிறம் குறைந்த பிள்ளைக்கே அரக்கன் வேஷம், 'லட்சணமான' பிள்ளைக்கே இளவரசி, குப்பை அள்ளுபவராக நடிக்க யாரைக் கூப்பிடுகிறோம், ஊர்ப் பெரியவராக யாரை. இதையெல்லாம் ஆசிரியர் யோசிக்காமலே செய்துவிடலாம், பிள்ளை மறக்காது. சாதியின் பெயரால் பிள்ளைகள் காயப்படும் செய்திகள் நம் பள்ளிகளிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, வேஷம் கொடுப்பது சின்ன விஷயமில்லை. பாத்திரங்களைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஒரே பாத்திரத்தைப் பலரிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். நாற்காலியில் மன்னனாக ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் உட்காரட்டும், பெண் பிள்ளைகளும்தான்.

இன்னொரு எச்சரிக்கை, பிள்ளையின் சொந்த வலியைத் தொடாதீர்கள். அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டுப் பிள்ளையை வைத்து மதுவின் தீமை பற்றி நாடகம் போடுவது கொடுமை. கதைக்கும் பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். வேற்றூர், வேற்றுக் காலம், மிருகங்கள், நிபுணர் வேடம் எல்லாம் அந்த இடைவெளியைத் தருகின்றன. ஹீத்கோட் இதில் மிகக் கவனமாக இருந்தார். கடினமான விஷயத்துக்குள் பிள்ளையை நேராகத் தள்ளாமல், பாதுகாப்பாகச் சுற்றி அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் வழக்கம். முடிந்ததும் பாத்திரத்திலிருந்து வெளியே வர வேண்டும். 'இப்ப நீ ராஜா இல்ல, நம்ம வகுப்புப் பையன்தான். ராஜாவைப் பத்தி என்ன தோணுச்சு?' என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காத நாடக வகுப்பு பாதியில் நின்ற வகுப்பு.

நம் பள்ளிகளில்

தமிழ்நாட்டில் இதற்கான மண் ஏற்கெனவே பதப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த 1990-களின் அறிவொளி இயக்கத்தில் வீதி நாடகமும் பாட்டும்தான் கற்போரைத் திரட்டின. 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய, பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை, பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்தது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கதைக்கும் பாட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையிலேயே இடம் ஒதுக்கினார்கள். தேசிய அளவில் 2005 கலைத்திட்ட வடிவமைப்பும் 2020 கல்விக் கொள்கையும் கலையோடு இணைந்த கற்றலைப் பேசுகின்றன. ஆக, அனுமதி வாங்க வேண்டிய நிலை இல்லை. கலைத் திருவிழாக்களும் நடக்கின்றன, பல பிள்ளைகளின் திறமை வெளியே தெரிகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அது போட்டி, பரிசு, மேடை. தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் தேர்வுக்குரிய பாடமாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஓர் ஆசிரியர். மட்டக்களப்பின் சி. மௌனகுரு போன்றவர்களும் அவரும் சிறுவர்களுக்காகவே நாடகங்கள் எழுதினார்கள், அவை பள்ளிகளில் நடிக்கப்பட்டன. தமிழில் கல்விசார் அரங்கு பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் ஆசிரியர் அந்தப் பக்கம் பார்ப்பது அவசியம்.

நடைமுறைத் தடைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், பதிவேடுகள், ஆப்பில் ஏற்ற வேண்டிய விவரங்கள், பக்கத்து வகுப்புக்குப் போகும் சத்தம். சத்தத்துக்கு ஒரு கைதட்டல் முறையைப் பழக்கினால் போதும். ஆசிரியர் தாளத்தோடு மூன்று தட்டுத் தட்டினால் எல்லாரும் அதைத் திருப்பித் தட்டிவிட்டு உறைந்து நிற்க வேண்டும். இதைப் பாடமில்லாத நேரத்தில் விளையாட்டாகவே பழக்கிவிடலாம். ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பது இங்கே பலவீனமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கடிதம் எழுத, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஏரிக்கரையின் படம் வரையலாம், இருவரும் ஒரே குழுவில். பாடம் நடக்கும்போதே பிள்ளையின் கற்றலை மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுக்குத் தனியாக ஒரு செயல்பாட்டைத் தேட வேண்டியதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை சொன்ன பதில், கேட்கப்பட்ட கேள்வி, பிறகு எழுதிய ஐந்து வரி, மூன்றும் கையில் இருக்கின்றன.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது ஆசிரியரின் கூச்சம். பிள்ளைகள் முன்னால் வேறு ஆளாக நிற்க வெட்கமாக இருக்கிறது, மரியாதை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சுற்றறிக்கையால் போக்க முடியாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் நாடக உத்திகளின் பட்டியலைத் திரையில் காட்டுவதற்குப் பதில், ஆசிரியர்களையே வட்டமாக உட்கார வைத்து, நடுவில் நாற்காலி போட்டு, சோழனின் அமைச்சராக ஒருவரை உட்காரச் சொல்லலாம். சக ஆசிரியர்கள் பத்து நிமிடம் அவரைக் கேள்வி கேட்கட்டும். அடுத்த பத்து நிமிடம் இன்னொருவர். அன்றைய பயிற்சி அவ்வளவே இருந்தால் போதும். அடுத்த வாரம் அவரவர் வகுப்பில் ஒரு பாடத்துக்கு மட்டும் செய்து பார்த்துவிட்டு வந்து, எந்தப் பிள்ளை முதல் முறையாக வாய் திறந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.